நான் கையெழுத்திட்ட வினைச்சொல்

1

எங்கள் மலையில் பள்ளிக்கூடம் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வாத்தியார் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறபோது வழியில் யாரிடமாவது சொல்லி அனுப்புவார். இங்கே இங்கிலாந்தில் மாதத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடுகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்லி ஒன்று, மழைக்கோட்டில் பிள்ளையின் பெயரைத் தைத்து அனுப்பச் சொல்லி ஒன்று. என் வீட்டுக்காரர் சேகர்தான் படித்துச் சொல்வார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் தொழில் கற்று, அதை நம்பி இந்த நார்த்தாம்ப்டனுக்கு வந்தவர். நான் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். எண்பதுகள் பிறந்து பாதி ஆகிவிட்டது. நாங்கள் வந்து ஏழு வருஷம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. சேகர் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். பள்ளிக்கூடத்துக் கடிதம்தானே, நாமே படிப்போம் என்று பிரித்தேன். எங்கள் மகள் அமுதாவின் பெயர் இருந்தது. அவள் வகுப்பிலிருந்து 'வித்ட்ரா' செய்யப்பட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தது.

அந்தச் சொல்லை எனக்கு பேங்க்கில் தெரியும். பணம் எடுக்கிற சீட்டின் தலையில் அச்சடித்திருப்பார்கள். எடுத்துவிடுவது. ஆக, என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பேரை அடித்துவிட்டார்கள்.

கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், பசை ஒட்டிய கையோடு ஓடினேன். அமுதா பள்ளிக்கூட வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் அந்தம்மாதான் அழைத்து வருவார். அமுதாவை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். டீச்சரம்மா சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒய் யூ வித்ட்ரா மை டாட்டர்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கூச்சலாகக் கேட்டது.

அவர் பயந்து எழுந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். காலையில் ஒரு மணி நேரம் அமுதாவையும் குஜராத்திப் பிள்ளைகள் நான்கு பேரையும் வேறு அறைக்கு அழைத்துப்போய்த் தனியாக இங்கிலீஷ் சொல்லித்தருகிறார்கள். அவ்வளவுதான். அதற்கும் பெயர் வித்ட்ரா. போன மாதமே இரண்டு கடிதம் போட்டார்களாம். பேன் கடிதம் என்று நினைத்து, சேகரிடம் காட்டாமல் அலமாரி மேல் வைத்திருந்தேன்.

எனக்கு மூச்சு வந்தது. சிரித்தேன்கூட. டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"ஆனாலும் அவள் ரொம்ப வித்ட்ரான்," என்றார்.

"எங்கேயிருந்து?"

அவர் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து காட்டினார். "இப்படி. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். சேர்ந்து ஏழு மாதமாகிறது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை."

நான் அமுதாவைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. பாலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவனைப் பார்த்து "இன்னா, இவ்ளோ லேட்டு?" என்று ஜன்னல் வழியாகத் தமிழில் அதட்டுகிற பிள்ளை. அவள் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு, டீச்சரம்மா காட்டிய மாதிரியே நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன்டி, ஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டியாமே?"

"தப்பா சொன்னா சிரிக்கிறாங்கம்மா. சரியா வந்ததும் பேசறேன்."

ஐந்து வயசுப் பிள்ளை இதைச் சொல்லிவிட்டு, வேலிப்பூவைக் கிள்ளிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டது.

2

சேகர் வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். டீச்சரம்மா சொன்னதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், எதையும் விளக்கிச் சொல்லிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள் என்பதால், அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை கீது, வள்ளி. இவங்க எல்லாத்துக்கும் ஒண்ணையே வெச்சிக்கினு ஓட்றாங்க பாரு."

நான் அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டேன். பணம் எடுத்தாலும் வித்ட்ரா. படை பின்வாங்கினாலும் அதுவே. நெருப்பில் பட்ட கையை வெடுக்கென்று இழுத்தாலும், சொன்ன சொல்லை இல்லையென்று திரும்ப எடுத்துக்கொண்டாலும், மனுஷன் யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிப்போனாலும் அதுவே.

"தேர்தல்ல நிக்கிறவன் வாபஸ் வாங்கினாலும் இதான். போலீஸ்ல குடுத்த கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்கினாலும் இதான்," என்றார் சேகர்.

கரண்டி கையில் நின்றுவிட்டது.

கிட்டே போய் அந்தச் சொல்லைப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பாதியை விரலால் மூடினேன். வித். விரலை மாற்றி மறுபாதியை மூடினேன். ட்ரா.

மாடிக்கு ஏறி, ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குள் நாலாக மடித்த ஊதா நிறக் கார்பன் காப்பி ஒன்று பன்னிரண்டு வருஷமாக இருந்தது. என் நைனா சம்பந்தமாக என்னிடம் இருந்த ஒரே காகிதம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அதைப் பிரித்தால் அழுகை வரும் என்று நான் பிரிப்பதே இல்லை.

பிரித்தேன். ஒரு வரியின் கடைசியில் 'வித்' என்று முடிந்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அடுத்த வரி 'ட்ரா' என்று தொடங்கியது. கீழே என் கையெழுத்து.

சேகர் பின்னாலேயே வந்து வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "வள்ளி," என்றார்.

3

காவலூருக்கு மேலே ஏறிப் போகிற ஒரு மலை ஊர் எங்களுடையது. சாமை விதைப்போம், புளி உலுக்குவோம். பங்குனியில் புளி மூட்டைகளை லாரியில் ஏற்றி ஆலங்காயத்துக்கு இறக்குவார்கள். நைனாவும் அவருடைய தம்பியும் அந்த லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள். தம்பி பெயர் காசி. எனக்குச் சின்னநைனா.

லாரிக்கு பிரேக் சரியில்லை என்று டிரைவர் முதலாளியிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் முடியட்டும் என்பது முதலாளியின் பதில். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி நிற்காமல் பள்ளத்தில் இறங்கியது. மூட்டை மேல் உட்கார்ந்து வந்த நைனா அடியில் அகப்பட்டுக்கொண்டார். சின்னநைனா குதித்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தார்.

எனக்குப் பதினெட்டு வயசு. ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் ஊரில் அவ்வளவு படித்த முதல் பெண். காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள்.

"எய்துடி. பிரேக்கு இல்லாத வண்டில ஆள ஏத்துனான்னு எய்து. நீ படிச்சதே இதுக்குத்தான்னு நெனச்சிக்கோ."

எழுதினேன். தமிழில், அழகான கையெழுத்தில், தேதி போட்டு. புகார் கொடுத்தவள் நான். ஒரு கான்ஸ்டபிள் வந்து, விபத்து நடந்த வளைவில் அடி அளந்து, பென்சிலால் படம் வரைந்துகொண்டு போனார். நாடாவின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4

அது நடந்து பத்து நாள் இருக்கும். லாரி முதலாளியிடம் வேலை பார்த்த குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். அம்மா காட்டுக்குப் போயிருந்தாள். நல்ல மனுஷன் மாதிரி முகம். நைனாவைப் பற்றி நாலு வார்த்தை வருத்தமாகப் பேசினார். பிறகு பையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஸ்டேஷன் வேலையாம்மா இது. கம்ப்ளைண்ட் குடுத்தவங்க கையெழுத்து வேணும். இங்கிலீஷ்ல கீது. படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாங்க. எனக்கே தெரியும்," என்றேன்.

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தை வாங்கி, உதடு அசைய, மேலிருந்து கீழ்வரை படித்தேன். கம்ப்ளைண்ட் என்ற சொல் தெரிந்தது. நைனா பெயர் தெரிந்தது. 'வித்' என்றால் 'உடன்'. 'ட்ரா' என்றால் 'வரை'. கான்ஸ்டபிள் வரைந்த படம் ஞாபகம் வந்தது. புகாருடன் படம் வரைந்து சேர்க்கப்போகிறார்கள், அதற்குக் கையெழுத்து. எல்லாம் புரிந்துவிட்டது.

"படம் போடறதுக்குத்தானேங்க?"

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா. அதுக்குத்தான்."

இங்கிலீஷிலேயே கையெழுத்துப் போட்டேன். "பாப்பா படிச்ச பொண்ணு," என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு, கார்பன் காப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவிடம் ராத்திரி சொன்னேன், ஸ்டேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று. "சரி" என்றாள். அவளும் படத்துக்கு என்றே நினைத்தாள்.

ஒரு மாதம் போனது. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "அந்தக் கேசு முடிஞ்சிபோச்சும்மா, உங்காளுங்களே வாபஸ் வாங்கிட்டாங்களே," என்றார்கள். யார் வாங்கினார்கள் என்று அம்மா கேட்டாள். அங்கிருந்தவர் ஃபைலைத் தேட அலுத்துக்கொண்டு, "உங்க வூட்டு ஆளுதான். கேட்டுப் பாருங்க," என்று அனுப்பிவிட்டார்.

அதே மாதம் சின்னநைனா, கால் கட்டு பிரித்ததும், அதே முதலாளியிடம் மூட்டைக் கணக்கு மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்தார். நொண்டிக்கொண்டு வேறு என்ன வேலை செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "அண்ணன வித்து மேஸ்திரி ஆயிட்டியாடா!" என்றாள். சின்னநைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால் நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான்தான் முதலில் நம்பினேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சாமைக்காடு. பன்னிரண்டு வருஷம் அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. என் கல்யாணத்துக்கு அவர்களை அழைக்கவில்லை. நான் இங்கே வந்த பிறகு சின்னநைனாவின் சம்சாரம், என்னைத் தூக்கி வளர்த்த சின்னம்மா, மார்ச்சளியில் இறந்துபோனாள். அம்மா சாவுக்குப் போகவில்லை. ஊரே போனபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாளாம். தகவல் சொன்ன கடிதத்தைப் படித்துவிட்டு, அம்மா செய்தது சரிதான் என்று நான் சேகரிடம் சொன்னேன்.

5

"லெட்டர் போட்டுடு," என்றார் சேகர்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்ட வேண்டும். யாரோ ஒருவர் வாயால் இது அம்மா காதில் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கம்பெனியில் லீவு கேட்டேன். வருஷ லீவு முடிந்துவிட்டது, என்ன காரணம் என்று எழுதிக் கொடு என்றார்கள். ஃபாரத்தில் மூன்று கட்டம் இருந்தது. மரணம், கல்யாணம், மற்றவை. எதில் குறியிடுவது என்று தெரியாமல் மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசரம்மா பொறுமை இழந்து, 'மற்றவை'யில் அவரே ஒரு கோடு போட்டார்.

ஆடி மாதம் பள்ளிக்கூட விடுமுறையில் அமுதாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அதற்குள் அவள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியிருந்தாள். எவனோ அவள் ரப்பரைப் பிடுங்க, "நோ!" என்று கத்தினாளாம். டீச்சரம்மா அதற்கும் ஒரு கடிதம் போட்டார்.

வாணியம்பாடியில் இறங்கி ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் காப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஏமாத்திட்டாங்கன்னு இன்னா ஆதாரம்? நீங்க படிச்சவங்கதானே?"

"ஆமாங்க."

"குமாஸ்தா படிச்சுக் காட்டறேன்னு சொன்னாரா?"

"சொன்னாருங்க."

அவர் காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். முதலாளி செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றும், குமாஸ்தா எங்கே போனார் என்று தெரியாது என்றும் அவரே சொன்னார்.

6

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அமுதா வெளியே கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. என் கையெழுத்தின் சுழி மட்டும் தெரியும். மாதாமாதம் கடிதத்தின் அடியில் பார்க்கிறாளே.

முறம் மடியில் நின்றது.

"நீயா?" என்றாள்.

"நான்தாம்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தபடி, வேறெங்கோ கணக்குப் போடுகிறவள் போல இருந்தாள்.

"சாவுக்குப் போவலியே நான்," என்றாள். "மொளம் தூரம். பறை சத்தம் கேட்டுக்கினே ஒக்காந்துகினு இருந்தேன். போவலியே."

எழுந்தாள். சாமை முழுக்கத் தரையில் கொட்டியது. அதைப் பார்க்கவே இல்லை. செருப்புகூடப் போடாமல் காட்டுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன்.

சின்னநைனா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எழ முயன்று, கால் ஒத்துழைக்காமல் மறுபடி உட்கார்ந்தார். அம்மா நாலடி தள்ளி நின்றுவிட்டாள். நான் போய் அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"சின்னநைனா, கேச வாபஸ் வாங்கினது நீங்க இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். "அத இன்னாத்துக்கு இப்ப பேசிக்கினு? நான்தான். அதான் ஊருக்கே தெரியுமே."

நான் திகைத்துப்போனேன். "நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஆஸ்பத்திரில கைநாட்டு வெச்சேன்ல. கால்ல கட்டு போட்டுக்கினு படுத்திருந்தேன். ஒங்க நைனா ஒடம்ப வாங்கணும்னு மூணு காயிதம் நீட்டுனாங்க. மூணுலயும் வெச்சேன். வூட்டு ஆளே வாபஸ் வாங்கினதா ஸ்டேஷன்ல சொன்னாங்கன்னதும், அதுல ஒண்ணுதான் கேச முடிச்சுதுன்னு தெரிஞ்சிக்கினேன். ஒங்கம்மா வந்து மண்ண தூத்துனப்ப நான் இன்னா சொல்றது? வெச்சது நான்தானே."

"அது ஒடம்பு வாங்கற காயிதம், சின்னநைனா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்போ நாங்க கம்ப்ளைண்ட்டே குடுக்கல. வாபஸ் வாங்கினது இந்தக் காயிதம். வெச்சது நான்."

"படி," என்றார்.

இங்கிலீஷில் படித்தேன். பிறகு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். என் கையெழுத்தைக் காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். ஒவ்வொரு மூலையிலும் தேடினார்.

"என் ரேகை இதுல இல்லியா?"

"இல்ல."

"எங்கியுமே இல்லியா?"

"இல்ல, சின்னநைனா."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஒங்க சின்னம்மா கடைசியா கேட்டா," என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "மூச்சு வாங்கிக்கினே கேட்டா. 'நீ வெக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் நிம்மதியா போறேன்'னு. நான் வெச்சேன்டின்னு சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுன்னு, வெச்சேன்னு சொல்லியே அனுப்பிச்சேன்."

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் அறைந்துகொண்டு, சின்னம்மாவின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். நாலு வருஷத்துக்கு முன் அதே வாசலில் அவள் பாடியிருக்க வேண்டிய ஒப்பாரி. ஓரகத்தியாக வந்து தங்கச்சியாக இருந்தவளே என்று தொடங்கி, ஒன்றாகப் புளி உலுக்கியது, ஒரே பானையில் கூழ் குடித்தது, ஒன்றையும் விடாமல் பாடினாள்.

குரல் மலையில் எதிரொலித்தது. காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்தார்கள். யார் செத்தது என்று தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

"இன்னா காசி, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

சின்னநைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவளுக்கு எதிரில் நிற்கிற மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கைகளைக் கட்டி நின்றார்.

"எம் பொண்டாட்டி," என்றார்.